செல்விகூட யாரு இருக்கா?

27 வருஷத்தில் எங்கள் குடும்பம் மொத்தமாக வெளியூர் போய்த் தங்கியது ஒரே ஒரு முறைதான். அதற்குப் பிறகு கோயில் கொடை, கல்யாணம், துஷ்டி எதுவானாலும் கிளம்பும்போது வரும் முதல் கேள்வி, "செல்விகூட யாரு இருக்கா?"

செல்வி எங்கள் வீட்டுப் பச்சைக்கிளி. 1994 பங்குனியில், கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற பட்டுப்போன மொட்டைத் தென்னையை வெட்டினார்கள். பொந்துக்குள் மூன்று குஞ்சுகள் இருந்தது மரம் விழுந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு அங்கேயே செத்துவிட்டன. மூன்றாவதற்கு இன்னும் இறகுகூடச் சரியாக முளைக்கவில்லை. ஆச்சி அதை முந்தானையில் ஏந்தி எடுத்து வந்தாள். பொட்டுக்கடலை மாவை வெந்நீரில் குழைத்து, சுண்டுவிரல் நுனியில் தொட்டுத் தொட்டு ஊட்டினாள். ராத்திரி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பழைய கம்பளித் துணிக்குள் வைத்துக்கொள்வாள். பிழைக்காது என்று எல்லோரும் சொன்னோம். பிழைத்துக்கொண்டது.

பெண் குஞ்சு என்று நினைத்துத்தான் செல்வி என்று பெயர் வைத்தோம். மூன்று வயது ஆகும்போது கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஆரம் விழுந்தது. ஆண் கிளிக்குத்தான் அது வரும். அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டதால், "செல்வி சாப்பிட்டானா?" என்றே வீட்டில் பேச்சு.

அவன் மிளகாய் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல் இருக்கும் காலால் பச்சை மிளகாயைக் கைபோலப் பிடித்துக்கொள்வான். காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, தோலைக் கீறி, விதைகளை மட்டும் தடித்த நாக்கால் ஒவ்வொன்றாக உருட்டி எடுப்பான். அப்போது கண்ணின் கறுப்பு சுருங்கி விரியும். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில், பாவம், நாக்கு எரியுமே என்று தண்ணீரும் கையுமாகப் பக்கத்தில் நிற்பேன்.

இறகை நாங்கள் வெட்டியதில்லை. கூடு ராத்திரி தூங்க மட்டும்தான். பகலில் முற்றத்து வேப்பமரம் வரை போவான், காக்கா கரைந்தால் உள்ளே ஓடி வந்துவிடுவான்.

அந்த ஒரே ஒரு முறை 1999-இல். பக்கத்து வீட்டில் பழமும் தண்ணீரும் வைக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் இரண்டு நாள் திருச்செந்தூர் போனோம். திரும்பி வந்து பார்த்தால் வைத்த கொய்யா அப்படியே இருந்தது. நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டிருந்தான். ரோஸ் நிறத்தில் தோல் தெரிந்தது, கூட்டுக்கடியில் பச்சைப் பஞ்சு மாதிரி இறகு. ஆச்சி கூட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. கிளிகள் காட்டில் ஜோடியாகவும் கூட்டமாகவும் வாழ்கிறவை. அவனுக்குக் கூட்டம் நாங்கள்தான். அன்றைக்குத்தான் முறை வைக்க ஆரம்பித்தோம்.

2004-இல் திருநெல்வேலியில் என் கல்யாணம். முதல் நாள் ராத்திரி மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும் அப்பா கடைசி பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட்டார். காலையில் செல்விக்குப் பழம் நறுக்கி வைத்து, சித்தப்பா மகன் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்ட பிறகு கிளம்பி, முகூர்த்தத்துக்கு அரைமணி முன்னால் மண்டபத்துக்கு வந்தார். பெண் வீட்டார் முகம் சுளித்தார்கள். இப்போது என் மனைவியே அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்கிறாள்.

செல்வி அதிகம் பேசமாட்டான். "யாரது?" என்பான், "ஆச்சி" என்பான். சத்தங்களைத்தான் பிடிப்பான். ஆச்சிக்குப் பல் கிடையாது. இரும்பு உரலில் வெற்றிலை பாக்கை இடித்துத்தான் போடுவாள். டொக், டொக், டொக், அப்புறம் உரலின் ஓரத்தில் உலக்கையைத் தட்டும் ஒரு சின்ன 'டிங்'. அந்தக் கடைசி 'டிங்'கைக்கூட விடமாட்டான். 2006-இல் ஆச்சி போன பிறகும் மத்தியானம் மூன்று மணிக்கு அது கேட்கும். அம்மா கைவேலையை அப்படியே போட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

2014-இல் மூக்கடைத்து, இரை எடுக்காமல் வாடிப்போனான். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். சூரியகாந்தி விதையும் வேர்க்கடலையுமே கொடுத்து வந்ததால் வைட்டமின் ஏ குறைவு, ஈரலிலும் கொழுப்பு என்றார் டாக்டர். அதிலிருந்து முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி என்று மாற்றினோம். நான்ஸ்டிக் தவா அதிகமாகக் காய்ந்தால் வரும் புகை பறவையைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும் என்றும் அவர்தான் எச்சரித்தார். அம்மா அன்றைக்கே நான்ஸ்டிக்கை விட்டுவிட்டு இரும்புத் தோசைக்கல்லுக்கு மாறிவிட்டாள்.

இன்னொன்றும் சொன்னார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். 20 வருஷமாக எங்களுக்கு இது தெரியவே தெரியாது. அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்படியே பறக்கவிட்டால் அந்த வயதில் இரை தேடத் தெரியாமல் செத்துப்போவான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைசிவரை வைத்துக்கொண்டோம். ஆனால் முதல் நாளே வனத்துறையிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செல்வி கதையைக் கேட்டு யாராவது சந்தையில் குஞ்சு வாங்கினால் என்னால் தாங்க முடியாது. ஒரு குஞ்சுக்காக ஒரு பொந்தையே உடைக்கிறார்கள். வழியிலேயே எத்தனையோ செத்துப்போகின்றன. எங்கள் தென்னையில் செத்த அந்த இரண்டையும் நான் இன்னும் மறக்கவில்லை.

2021 ஆவணியில், 27 வயதில், அம்மா மடியிலேயே போய்விட்டான். கொஞ்ச நாளாகவே கம்பியில் ஏறாமல் கூட்டின் தரையில்தான் உட்கார்ந்திருந்தான். வேப்பமரத்தடியில் வைத்தோம்.

அடுத்த வருஷம் எல்லோருமாகக் கன்னியாகுமரிக்குக் கிளம்பினோம், இரண்டு நாளைக்கு. வீட்டைப் பூட்டப் போனால் வாசல் கதவின் நாதாங்கி துருப்பிடித்து அசையவில்லை. அப்பா அதில் எண்ணெய் விட்டு, சுத்தியலை எடுத்து மெல்லத் தட்டினார். டொக், டொக், டொக். பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்ற அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். கூடு தொங்கின மூலையைப் பார்த்துவிட்டு வந்து, "சரி, பூட்டுங்க" என்றாள்.