பஃபி தொடரின் வசிய எபிசோடு: ஸாண்டர் எளிதில் தப்பிவிட்டானா?

கேள்வி – கடைசிப்பெஞ்சு

இரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பஃபி என்ற பெண்ணின் கதையான 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' தொலைக்காட்சித் தொடரை முழுவதும் ஒருமுறை பார்த்து முடித்துவிட்டு, இப்போது இரண்டாவது முறையாகப் பார்த்துவருகிறேன். இரண்டாம் சீசனின் 16ஆவது எபிசோடான 'பிவிட்ச்ட், பாதர்ட் அண்ட் பிவில்டர்ட்' (10 பிப்ரவரி 1998) பற்றி இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

நினைவில்லாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காதலர் தின நடனத்துக்கு வந்த பஃபியின் நண்பன் ஸாண்டர் இதய வடிவப் பதக்கம் கோத்த வெள்ளிச் சங்கிலியைத் தன் காதலி கோர்டீலியாவுக்குப் பரிசளிக்கிறான். ஹார்மனியும் மற்றத் தோழிகளும் தன்னை ஒதுக்கிவிட்டதைத் தாங்க முடியாத அவள், அதே இடத்தில் அவனுடனான உறவை முறித்துக்கொள்கிறாள். மறுநாள் பள்ளி முழுவதும் அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. மந்திரம் தெரிந்த சக மாணவி ஏமி அதைக் கொண்டு ஆசிரியை ஒருவரை ஏமாற்றியதைத் தற்செயலாகக் கண்டுவிட்ட ஸாண்டர், அதைச் சொல்லி அவளை மிரட்டி, கோர்டீலியாவுக்கு வசியம் வைக்கச் சொல்கிறான். கோர்டீலியாவைத் திரும்பப் பெறுவதற்காக அல்ல. அவள் தன்மேல் பித்தாகிக் கிடக்கும்போது தானும் அவளை உதறிவிட்டுப் பழிதீர்த்துக்கொள்ளவே அவன் இதைச் செய்கிறான். வசியமோ கோர்டீலியாவை மட்டும் விட்டுவிட்டு, பஃபி, ஸாண்டரின் சிறுவயதுத் தோழி வில்லோ, ஏமி, ஆசிரியை ஜென்னி காலண்டர், பஃபியின் தாய் ஜாய்ஸ், இரத்தக்காட்டேரி ட்ரூசில்லா என்று எதிர்ப்படும் பெண்கள் எல்லாரையும் பிடித்துக்கொள்கிறது.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. கோர்டீலியா தப்பியதற்குக் காரணம் அந்தச் சங்கிலியா, அல்லது ஸாண்டரின் கெட்ட எண்ணமா? இன்னொன்று: வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன் என்றாலும், இத்தனை பேரின் மனத்தைக் குலைத்தவன் இறுதியில் காதலியையும் திரும்பப் பெற்றுவிடுகிறானே, இது நியாயமா?

பதில் – நூலகத்திண்ணை

முதல் ஐயத்துக்குக் கதையிலேயே ஒரு விடை இருக்கிறது. வசியத்துக்குப் பயன்படுத்திய சங்கிலியே கோர்டீலியாவுக்குக் காப்பாக அமைந்துவிட்டது என்பதுதான் அது. ஆனால் காதல் வசியத்துக்கு நோக்கம் தூய்மையாக இருக்க வேண்டும் என்று ஏமி முன்னரே எச்சரிப்பதையும், பழிவாங்குவது ஒன்றே தன் நோக்கம் என்பதால் அதைவிடத் தூய்மையானது வேறென்ன என்று ஸாண்டர் கிண்டலாகப் பதில் சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால், சங்கிலி என்பது சடங்கைப் பற்றிய விளக்கம் மட்டுமே, எண்ணம்தான் கதைக்கான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

என்னைக் கவர்ந்தது இதன் விளைவுதான். ஊரே அறிவிழந்து கிடக்கும்போது, ஸாண்டரை வேண்டாம் என்று சொல்லும் உரிமை எஞ்சியிருக்கும் ஒரே பெண் கோர்டீலியாதான். அந்த உரிமை அவளிடம் இருப்பதால்தான், இறுதிக் காட்சியில் பள்ளி நடைவழியில் நின்று ஹார்மனியை ஆட்டுமந்தையில் ஒன்று என்று எல்லார் முன்னிலையிலும் திட்டிவிட்டு, அவள் ஸாண்டரோடு நடந்துபோவதற்கு ஒரு மதிப்பு உண்டாகிறது. எழுத்தாளர் மார்ட்டி நாக்ஸன் வசியத்தை அவள்மீது பலிக்கவிட்டிருந்தால், அந்தக் காட்சியை எழுதவே முடிந்திருக்காது.

மழைக்கோட்டு மட்டும் அணிந்துகொண்டு நூலகத்தில் பஃபி தன்னை நெருங்கும்போது, இத்தனை நாள் தான் ஆசைப்பட்டதே எதிரில் வந்து நின்றும் ஸாண்டர் விலகிக்கொள்கிறான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதற்குப் பிற்பாடு பஃபி நன்றியும் சொல்கிறாள்.

பதில் – எதிர்க்கட்சி

அந்த நன்றியில்தான் எனக்குச் சிக்கல். தீ வைத்தவனே ஒரு வீட்டை மட்டும் அணைத்ததற்காகப் பாராட்டுப் பெறுவதுபோல் இருக்கிறது. நடந்தது எல்லாம் தனக்கு நினைவிருக்கிறது என்று பஃபியே சொல்கிறாள். அப்படியானால், தான் கெஞ்சியதும் தன் மனம் தன் வசத்தில் இல்லாமல் போனதும் அவளுக்கு நினைவிருக்கத்தானே செய்யும்? அதை ஒரு நகைச்சுவை வரியோடு கடந்துவிடுகிறார்கள்.

இருந்தாலும், இந்த எபிசோடை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியாகாது. வசியத்தை வைத்துச் சிரிக்கவைக்கும் மரபு மிகப் பழையது. அதில் இதைவிட மோசமான முன்னோடிகள் இருக்கின்றன. ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் மந்திரப் பூச்சாற்றால் மயங்கிக் கழுதைத் தலையனைக் காதலித்த தேவதை அரசி டைட்டானியாவுக்கும், அதே மயக்கத்தில் காதலி மாறிய லைசாண்டருக்கும் மயக்கம் தெளிகிறது. இன்னொரு இளைஞன் டிமெட்ரியஸுக்கு மட்டும் கடைசிவரை தெளிவதே இல்லை. பூச்சாற்றின் மயக்கத்திலேயே அவனுக்குத் திருமணம் ஆகிவிடுகிறது, நாமும் அதை மங்கலமான முடிவு என்று கைதட்டி ஏற்றுக்கொள்கிறோம். அந்த நாடகத்தோடு ஒப்பிட்டால், வசியத்தை முழுவதும் கலைத்த பிறகே காதலர்களைச் சேர்த்துவைக்கும் இந்த எபிசோடு நேர்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்தத் தொடரே தன் பழைய வேடிக்கையைப் பின்னாளில் கணக்குப் பார்த்திருக்கிறது. ஆறாம் சீசனின் 'டெட் திங்ஸ்' (5 பிப்ரவரி 2002) எபிசோடில், தன்னை விட்டு விலகிய முன்னாள் காதலி காட்ரீனாவின் சுயபுத்தியை, பஃபியின் எதிரிகளில் ஒருவனான வாரன் ஒரு கருவியால் மழுங்கடித்துத் தன் விருப்பப்படி நடக்கவைக்கிறான். மயக்கம் கலைந்ததும் அவள் அதை விளையாட்டு என்று விட்டுவிடாமல், பாலியல் வன்கொடுமை என்று வாரன், அவன் கூட்டாளிகள் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அதற்காகவே உயிரையும் இழக்கிறாள். உறவை முறித்த பெண், அதைப் பொறுக்காத ஆண், அவள் மனத்தைக் கட்டுப்படுத்த ஒரு குறுக்குவழி என்று இரண்டு கதைகளின் எலும்புக்கூடும் ஒன்றுதான். ஸாண்டரின் கதையை எழுதிய அதே நாக்ஸன்தான் ஆறாம் சீசனை முன்னின்று நடத்தியவர் என்பதால், இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

பதில் – பழைய ஒளிநாடா

இந்த எபிசோடு எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆன்மாவை இழந்த பஃபியின் காதலன் ஏஞ்சல் என்ற இரத்தக்காட்டேரி கொடியவனாக வெளிப்படுவது 14ஆவது எபிசோடான 'இன்னசன்ஸில்'. அவன் ஜென்னி காலண்டரைக் கொல்வது 17ஆவது எபிசோடான 'பேஷனில்'. இரண்டுக்கும் இடையில் மூச்சு விட்டுக்கொள்ளக் கொடுத்த இடைவேளைபோல் இது தோன்றினாலும், பஃபியின் வழிகாட்டியும் தன் காதலராக இருந்தவருமான ஜைல்ஸிடம் மனம்விட்டுப் பேச வந்த ஜென்னி, பேச்சின் நடுவிலேயே ஸாண்டர் பக்கம் மயங்கித் திரும்பிவிடும் சிறு காட்சி எனக்கு மறுமுறை பார்த்தபோது சிரிப்பை வரவழைக்கவில்லை. அவர்கள் இருவருக்கும் எஞ்சியிருந்த மிகக் குறைந்த நேரத்தில் ஒரு பகுதியை ஸாண்டரின் வசியம் தின்றுவிட்டது.

இந்த எபிசோடில் பஃபியை ஏமி எலியாக மாற்றியதற்குப் பின்னால் இருப்பது முழுக்க நடைமுறைக் காரணம். சாரா மிஷல் கெல்லர் 17 ஜனவரி 1998 அன்று 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க நியூயார்க் செல்ல வேண்டியிருந்ததால், கதாநாயகியை எலியாக்கிப் பெரும்பகுதிக்குக் காட்சியிலிருந்து அகற்றினார்கள். அதனாலேயே காப்பாற்ற யாருமின்றி ஸாண்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. எபிசோடுக்கு அந்த வேகமும் அதனால்தான் கிடைத்தது.

கடைசிப்பெஞ்சு (கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. வில்லோவைப் பற்றி யாரும் குறிப்பிடாதது வியப்பாக இருக்கிறது. மற்றவர்களுக்கு வசியம் இல்லாத ஓர் ஆசையை உண்டாக்கியது. வில்லோவுக்கோ சிறுவயது முதல் உண்மையிலேயே இருந்து, காதலன் ஆஸ் வந்த பிறகு ஒருவாறு ஆறிக்கொண்டிருந்த ஒன்றைக் கிளறிவிட்டது. அவள் கோடரியோடு வந்து நிற்கும் காட்சியை அதனால்தான் என்னால் முழு மனத்தோடு சிரித்துப் பார்க்க முடியவில்லை.

பதில் – நூலகத்திண்ணை

சரியாகச் சொன்னீர்கள். ஸாண்டருக்கு உண்மையான தண்டனை என்று ஒன்று கிடைத்திருந்தால், அது வில்லோவிடமிருந்துதான் கிடைக்கிறது. பஃபி மன்னித்துப் பேசும் வேளையிலும் வில்லோ அவனோடு பேச மறுக்கிறாள். மண்டியிட்டுக் கெஞ்சினாலாவது பேசுவாளா என்ற நிலையில்தான் அவன் இருக்கிறான். ஆஸ் விட்ட ஒரு குத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பதில் – எதிர்க்கட்சி

ஒரு குத்தும் சில நாள் மௌனமும் போதாது என்பதே என் கட்சி. மிரட்டப்பட்டு வசியம் வைத்த ஏமியின் கதியைப் பாருங்கள். 1999 ஜனவரியில் வந்த 'ஜிஞ்சர்பிரெட்' எபிசோடில் ஊரார் எரிக்க வந்தபோது தப்புவதற்காகத் தன்னையே எலியாக்கிக்கொண்டவள், 2001 நவம்பரில் வில்லோ மீட்கும்வரை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கூண்டிலேயே கிடந்தாள். நடுவில் நான்காம் சீசனின் 'சம்திங் ப்ளூ' எபிசோடில் சில நொடிகள் மனித உருவம் கிடைத்தபோதும், வில்லோ அதைக் கவனிக்காமலே அவளை மறுபடி எலியாக்கிவிட்டாள். அந்த எபிசோடில்தான் பஃபியும் அவளுடைய எதிரியான இரத்தக்காட்டேரி ஸ்பைக்கும் வில்லோவின் மந்திரத்தால் திருமணத்துக்கு நாள் குறிக்கிறார்கள். அதை அடுத்துப் பார்த்துவிட்டு, வசியம் வைத்தவருக்கு எந்தத் தீய எண்ணமும் இல்லாதபோது நம் தீர்ப்பு மாறுகிறதா என்று எழுதுங்கள்.