ராப் ஒட்டிய பழைய பென்ஸ் வாங்கலாமா?

கொளத்தூர்வாசி:
பெரம்பூரில் 2016 பென்ஸ் சி கிளாஸ் ஒன்று பார்த்திருக்கிறேன். முழுக்க மேட் கறுப்பு வினைல் ராப், அதாவது பெயின்ட் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் ஷீட். விலை ரொம்பக் குறைவு, அதுதான் யோசனையாக இருக்கு. எதைப் பார்த்து வாங்கணும்?

ராயபுரம் மெக்கானிக்:
அண்ணே, ராப்புக்கு அடியில் பட்டி பார்த்திருக்கலாம், துரு இருக்கலாம், எதுவும் வெளியே தெரியாது. கம்பெனி பெயின்டின் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (1000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), அதன் மேல் ராப் 100 மைக்ரான் அளவுக்கு ஏறும். அதனால் பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது ஒரு பேனலில் மட்டும் 500, 600 என்று காட்டினால் அங்கே டிங்கரிங் நடந்திருக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வருடக்கணக்கில் நின்ற ராப்பின் பசை இறுகிவிடும், உள்ளே இருப்பது ரீபெயின்ட் என்றால் உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வந்துவிடும், பிறகு முழு பெயின்டிங் செலவு உங்கள் தலையில்தான்.

வியாசர்பாடி:
2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்றும் பாருங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்க, அதிலும் ஸ்டெப்னி குழியிலும் சேறு இருக்கா பாருங்க. எனக்கு இதுதான் ராப்பை விடப் பெரிய கவலை.

தண்டையார்பேட்டை:
ஆர்சியில் என்ன நிறம்? மாற்றியதை ஆர்டிஓவில் பதிந்திருக்கணும்.

கொளத்தூர்வாசி:
ஆர்சியில் வெள்ளை சார். ஓரத்தில் கொஞ்சம் உரித்துக் காட்டச் சொன்னால் ஓனர் மறுக்கிறார்.

ராயபுரம் மெக்கானிக்:
அப்போ விட்டுடுங்க அண்ணே.