[கலைச்சொல்] மெடிகேஷன் ரீகன்சிலியேஷன்: ‘சரிபார்ப்பு’ போதுமா?

வணக்கம். வீடு திரும்பும் நோயாளிகளுக்கான மருந்து அட்டையைத் தமிழில் அச்சிடப் போகிறோம். நோயாளியின் பழைய மருந்துகளையும் புதுச் சீட்டையும் ஒப்பிட்டு ஒரே பட்டியலாக்கும் ‘மெடிகேஷன் ரீகன்சிலியேஷன்’ வேலைக்கு, அட்டையின் தலைப்பில் போட ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். ‘மருந்துச் சரிபார்ப்பு’ என்று போடலாமா? மேல்நிலைக் கணக்குப்பதிவியல் நூலில் ‘வங்கிச் சரிகட்டும் பட்டியல்’ இருக்கிறது. அதையொட்டி ‘மருந்துச் சரிகட்டல்’ என்றும் தோன்றுகிறது.

- - -

> ‘மருந்துச் சரிகட்டல்’

வேண்டாம் ஐயா. ‘ஆளைச் சரிக்கட்டிட்டாங்க’ என்ற பேச்சு வழக்கு அட்டைமேல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

‘சரிபார்ப்பு’ மருந்து கவுன்டரில் ஏற்கெனவே புழங்குகிறது. சீட்டில் இருக்கும் பெயரும் மி.கி. அளவும் கையிலுள்ள மாத்திரை அட்டையோடு பொருந்துகின்றனவா, காலாவதித் தேதி தாண்டவில்லையே என்று பார்ப்பது அது. நாம் பெயர் தேடும் வேலையில் சீட்டு சரியாகவே இருக்கும். பிழை இரண்டு சீட்டுகளுக்கு நடுவில் கிடக்கும்.

ஒரு மாதிரி: இரத்த அழுத்தத்துக்கு முன்பிருந்தே அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுபவர். மருத்துவமனையில் டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 சேர்ந்த கூட்டு மாத்திரைக்கு மாற்றி, டிஸ்சார்ஜ் சீட்டில் பிராண்டு பெயரை மட்டும் எழுதுகிறார்கள். ‘பழையதை நிறுத்து’ என்று யாரும் எழுதவில்லை. வீட்டில் இரண்டும் ஓடுகின்றன. அம்லோடிபின் 10 ஆகிறது. அதனால் கணுக்கால் வீங்குகிறது. வேறொரு கிளினிக்கில் வீக்கத்துக்கு, சிறுநீரைக் கூட்டும் ஃபுரோசமைடு சேர்கிறது. பொட்டாசியம் இறங்கலாம், இரத்த அழுத்தம் தாழ்ந்து எழுந்து நின்றால் தலையும் சுற்றலாம். மூன்று சீட்டையும் தனித்தனியே ‘சரிபார்த்தால்’ மூன்றும் தேறிவிடும்!

- - -

அப்படியானால் வேலையின் படிகளைச் சொல்லுங்கள், சொல் அதிலிருந்து வரட்டும். ‘மருந்து மீளாய்வு’ என்று ஒன்று இருக்கிறதே, அது இதுதானா?

- - -

அது அடுத்த கட்டம் அம்மா. மீளாய்வில் ‘இந்த மருந்து இவருக்குத் தேவையா, சிறுநீரகத்துக்கு இந்த அளவு தாங்குமா’ என்று கேட்கிறோம். சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போனால் சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்வது அதில் வரும்.

நாம் பெயர் தேடும் வேலையில் முதலில், நோயாளி உண்மையில் சாப்பிடுவதை எழுத வேண்டும். வீட்டிலுள்ள எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொல்ல வேண்டும்: கண் சொட்டு, இன்ஹேலர், இன்சுலின், சூரணம், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. ‘என்னென்ன மருந்து?’ என்று கேட்டால் வலி மாத்திரை வாயில் வராது. ‘மூட்டு வலிக்கு என்ன போடுறீங்க?’ என்றால் வரும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவரிடம் இதைத் தவறவிட்டால் இரத்தக்கசிவில் முடியலாம். பெயர் தெரியாமல் கத்தரித்த துண்டு மாத்திரை அட்டைகளைத் தனியே வைக்க வேண்டும், ஊகித்து எழுதக் கூடாது.

பிறகு பிராண்டு பெயர்களை மூலப்பெயருக்கு (உள்ளிருக்கும் மருந்தின் பெயருக்கு) மாற்றிப் புதுச் சீட்டோடு வரிவரியாக ஒத்துப்பார்க்கிறோம். வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் மருத்துவரிடம் கேட்பது ஒன்றே: தெரிந்து மாற்றியதா, விட்டுப்போனதா? பதில் வந்த பிறகுதான் ஒரே பட்டியல் நோயாளி கைக்குப் போகும்.

- - -

‘ஒத்துப்பார்த்தல்’ பாதி வேலையைத்தான் சொல்கிறது. கணக்குக்காரர்கள் ‘நேர் செய்வது’ என்பார்களே, வித்தியாசத்தைக் கண்டுபிடித்துத் தீர்ப்பதும் அதில் அடங்கும். ‘மருந்துப் பட்டியல் நேர்செய்தல்’ என்று முன்மொழிகிறேன். ‘பட்டியல்’ இல்லாமல் ‘மருந்து நேர்செய்தல்’ என்றால் மருந்தில் ஏதோ கோளாறு என்று படும்.

- - -

உடன்படுகிறேன். வேறுபாடுகளுக்கு ‘அறிந்த மாற்றம்’, ‘அறியா வேறுபாடு’ என்ற இணை போதும்.

அட்டையில் ‘தொடர்க’, ‘மாற்றியது’, ‘நிறுத்தியது’ என மூன்று கட்டம் வையுங்கள். நிறுத்திய மருந்தின் பெயரும் கட்டாயம் அச்சாக வேண்டும். இல்லாவிட்டால் பழைய மாத்திரை அட்டை அலமாரியிலிருந்து மீண்டும் வரும். மூட்டுவாதம் போன்றவற்றுக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டுக்கு ‘வாரம் ஒருமுறை’ என்பதோடு நிறுத்தாமல் ‘திங்கள் மட்டும்’ என்பதுபோல் கிழமையையும், எதற்காக என்பதையும் எழுதுங்கள். கூடவே தரும் ஃபோலிக் அமிலமும் பல பிராண்டுகளில் அதே சிறிய மஞ்சள் மாத்திரை. இரண்டும் இடம் மாறி மெத்தோட்ரெக்சேட் நாள்தோறும் போனால் வாய்ப்புண்ணில் தொடங்கி இரத்த அணுக்கள் குறைவதுவரை போகும்.