உதவி: கவுன்டருக்கும் பெஞ்சுக்கும் நடுவுல பயணிகள் அல்லாடுறாங்க

அரைபிக்சல்: ரயில் நிலைய சிமுலேஷன். பயணிகள் தானா முடிவெடுத்து நடக்கணும். கவுன்டர் பக்கம் பாதி தூரம் போறாங்க, மொத்தமா திரும்பி பெஞ்சுக்கு வர்றாங்க, மறுபடி கவுன்டர். திங்கக்கிழமை டெமோ, யாராவது சொல்லுங்க.

ஊர்க்குருவி: எந்த கேம் எஞ்சின்? எத்தனை பேர்? முடிவெடுக்கிறது பிஹேவியர் ட்ரீயா (நிபந்தனைகளை மரம் மாதிரி அடுக்கிப் பாக்குறது), யுடிலிட்டியா (ஒவ்வொரு செயலுக்கும் மதிப்பெண் போட்டு அதிகமானதை எடுக்கிறது)?

வலைவீசி: நேவ்மெஷ் (எங்க நடக்கலாம்னு சொல்ற தரை வரைபடம்) பிரச்சினைதான். ஏஜென்ட் (நடக்கிற ஆள்) ரேடியஸை 0.5-லேர்ந்து 0.3 ஆக்கிப் பாருங்க, வழி அகலமாகும்.

பழம்பெருச்சாளி: ஏஜென்ட் காம்போனன்ட்ல இருக்கிற ரேடியஸ் ஒருத்தரை ஒருத்தர் விலகறதுக்கு. வழியோட அகலம், நேவ்மெஷை பேக் பண்றப்ப (முன்கூட்டியே கணக்கிட்டு உருவாக்குறப்ப) குடுக்கிற ரேடியஸ்ல. டாக்குமென்டேஷன்னு ஒண்ணு இருக்கு தம்பி.

அரைபிக்சல்: யூனிட்டி. 60 பேர். யுடிலிட்டி, அப்டேட்ல (ஒவ்வொரு ஃபிரேம்லயும்) கணக்கு போடுறேன். கவுன்டர் மதிப்பெண்ல வரிசை நீளம் கழியும்.

ஊர்க்குருவி: அப்ப வழி மேல தப்பில்ல, முடிவு மேலதான். வரிசை காலின்னு 60 பேரும் ஒரே ஃபிரேம்ல பாக்குறாங்க, எல்லாரும் கிளம்புறாங்க. முதல் பத்து பேர் நின்னதும் வரிசை நீளம், மிச்சப்பேர் திரும்புறாங்க. உறுதி பண்ண, முடிவெடுக்கிறதை அணைச்சிட்டு ஒரே இலக்கு குடுங்க. நேரா போனா நான் சொன்னதுதான்.

சரி பண்ண: அரை நொடிக்கு ஒருமுறை மட்டும் யோசிக்கட்டும், ஆளுக்கு ஆள் தொடக்கத்தைத் தள்ளி வைங்க. நடப்பு இலக்கோட மதிப்பெண்ணுக்கு 15–20 சதவீதம் கூட்டுங்க, சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் மனசு மாறாது. வரிசையில நிக்கிறவங்களோட, அங்க வந்துகிட்டு இருக்கிறவங்களையும் எண்ணுங்க. பெஞ்ச் இடத்தை முன்பதிவு பண்ணுங்க, ஆள் வரலைன்னா விடுவிக்க மறக்காதீங்க. இலக்கு மாறினா மட்டும் செட்டெஸ்டினேஷன் (புது இலக்கு குடுக்கிற கட்டளை) கூப்பிடுங்க. பாத்பெண்டிங் (வழி இன்னும் கணக்காகிட்டு இருக்கிற நிலை) முடியாம ரிமெய்னிங்டிஸ்டன்ஸை (மிச்ச தூரம்) நம்பினா, கிளம்பும் முன்னயே வந்து சேந்துட்டதா நினைச்சுக்கும்.

வலைவீசி: இந்தக் காலத்துல யுடிலிட்டி எதுக்கு? ஆளுக்கொரு மொழி மாதிரி (சாட்ஜிபிடி மாதிரி பேசற ஏஐ) வெச்சா தானா யோசிக்கும்.

பழம்பெருச்சாளி: வரிசையில நிக்க மொழி மாதிரியா? 2005-லயே ஷாவோ, டெர்சோபூலஸ்ங்கிற ஆராய்ச்சியாளர்கள் நியூயார்க்கோட பழைய பென் ரயில் நிலையத்தை சிமுலேஷன்ல கட்டி ஆயிரம் பேருக்கு மேல நடக்க விட்டாங்க. உடம்புக்குள்ள தேவைகள், கண்ணுக்குத் தெரியறது, அதுக்கேத்த செயல், அவ்வளவுதான்.

வலைவீசி: அவங்க பேசலையே.

பழம்பெருச்சாளி: இவர் பேசச் சொல்லலையே.

ஊர்க்குருவி: பேச்சு வேணும்னா ஒருத்தர் கிட்ட போய் நிக்கிறப்ப மட்டும் மொழி மாதிரியைக் கூப்பிடலாம். நடைக்கு அந்தத் தாமதம் ஆகாது. அதைப் பேச இங்க தனி இழை தொடங்குங்க.

அரைபிக்சல்: ஓடுது, நன்றி. வந்துகிட்டு இருக்கிறவங்களை எண்ணினதும் நின்னுடுச்சு. இப்ப பெஞ்ச்ல யாருமே உக்காரல.

ஊர்க்குருவி: சோர்வு நிமிஷத்துக்கு எவ்வளவு ஏறுது? முன்பதிவு விடுவிக்கிறீங்களா?

வலைவீசி: ரேடியஸ் 0.3 போட்டீங்களா?