பொருளடக்கத்தை உருவாக்குவதா, திரட்டுவதா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கான லேட்டெக் (கட்டளைகள் எழுதி ஆவணத்தை அச்சுக்கோக்கும் மென்பொருள்) கையேட்டில் ஒரு சொல் இன்னும் முடிவாகாமல் கிடக்கிறது. தலைப்புகளைப் பார்த்துத் தானாகவே பொருளடக்கம் போட்டுத் தருகிறதே, அந்த வேலைக்கு என்ன பெயர்? கோவை நண்பர் ‘பொருளடக்க உருவாக்கம்’ என்றார். கொழும்பிலிருந்து எழுதிய அண்ணன் ‘உள்ளடக்கப் பிறப்பாக்கம்’ என்றார். கல்முனைத் தம்பி ‘பதிகம்’ என்று ஒன்றைப் போட்டு எல்லாரையும் யோசிக்க வைத்துவிட்டார். என் வாக்கு ‘திரட்டு’ என்ற வினைக்கு. மட்டக்களப்பில் இரவு மழை, கரண்டும் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் பெயர்ச்சொல்லை முடித்துவிடலாம். இலங்கையில் ‘உள்ளடக்கம்’ பரவலாகப் புழங்குகிறது, தமிழ்நாட்டில் ‘பொருளடக்கம்’. பழக்கத்தைப் பார்த்தால் நானும் உள்ளடக்கம் பக்கம்தான். ஆனால் இணையத்தில் எழுத்து, படம், காணொளி எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்றைக்கு உள்ளடக்கம் என்கிறார்கள். ‘உள்ளடக்கத்தைத் திருத்து’ என்று கையேட்டில் எழுதினால் மாணவர் முதற்பக்கப் பட்டியலைத் திருத்துவாரா, கட்டுரையையே திருத்துவாரா? அதனால் பொருளடக்கம் என்பதையே வைத்துக்கொள்வோம். பிடிக்காதவர்களுக்கும் நட்டமில்லை. லேட்டெக்கில் அந்தத் தலைப்பு ‘கன்டென்ட்ஸ்நேம்’ என்ற ஒரு கட்டளைக்குள் இருக்கிறது. ஒரே வரியில் அதை மாற்றி ‘உள்ளடக்கம்’ என்றோ ‘உள்ளே’ என்றோ அச்சிட்டுக்கொள்ளலாம். பெயர்ச்சொல்லைப் பயனர் மாற்றிக்கொள்வார், வினைச்சொல் கையேடு முழுக்க ஓடும். அதனால்தான் வினையைப் பற்றி இவ்வளவு பிடிவாதம்.

‘உருவாக்கம்’ தப்பான சொல் இல்லை. எங்கும் பொருந்துகிற சொல், அதுதான் அதன் குறை. கோப்பையும் உருவாக்கலாம், கடவுச்சொல்லையும் உருவாக்கலாம், குழுவையும் உருவாக்கலாம். இங்கே கணினி எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. தலைப்புகள் ஏற்கெனவே எழுத்தாளர் எழுதியவை. பக்க எண்கள் அச்சுக்கோப்பின்போது விழுந்தவை. இரண்டையும் பொறுக்கி ஓரிடத்தில் சேர்ப்பது மட்டுமே நடக்கிறது. கோயிலுக்கு வீடு வீடாக நெல் தண்டுகிறவர் நெல்லை விளைவிப்பதில்லை. (‘தண்டு’ என்றே வைத்துவிடலாம் என்று எனக்கு ஓர் ஆசை. தண்டல், தண்டனை, தண்டம் எல்லாம் கூடவே வந்து நிற்கும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.)

‘பிறப்பாக்கம்’ பற்றி அண்ணன் கோபிக்கக் கூடாது. எங்களுக்குப் பிறப்பாக்கி என்றால் கரண்ட் போனதும் கடை வாசலில் உறுமுகிற ஜெனரேட்டர்தான். மின் பிறப்பாக்கம் என்பது இலங்கையில் நன்றாக வேரூன்றிய தொடர், அது அங்கேயே இருக்கட்டும்.

லேட்டெக் உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்தால் என் பக்கம் இன்னும் தெளிவாகும். நீங்கள் ஒரு பிரிவுத் தலைப்பு எழுதுகிறீர்கள். அந்தத் தலைப்பு எந்தப் பக்கத்தில் விழும் என்பது அந்த நேரத்தில் கணினிக்கே தெரியாது. பத்தி உடைந்து, பக்கம் நிரம்பி, அந்தப் பக்கம் வெளியே அனுப்பப்படும்போதுதான் எண் உறுதியாகிறது. அப்போது ‘இந்தத் தலைப்பு, இந்த எண், இந்தப் பக்கம்’ என்று ஒரு குறிப்பு, ‘ஆக்ஸ்’ என்று முடியும் துணைக் கோப்பில் எழுதப்படுகிறது. ஆவணம் முடிந்த பிறகு அந்தத் துணைக் கோப்பு மறுபடி வாசிக்கப்பட்டு, அதிலுள்ள தலைப்புக் குறிப்புகள் மட்டும் ‘டி-ஓ-சி’ என்று முடியும் இன்னொரு கோப்புக்குள் போகின்றன. நிரலை அடுத்த முறை ஓட்டும்போது, அதாவது அடுத்த ஓட்டத்தில், பொருளடக்கம் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் லேட்டெக் அந்தக் கோப்பைத் திறந்து அச்சிடுகிறது.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. ஆவணத்தில் பொருளடக்கக் கட்டளையை நீங்கள் போடவே இல்லை என்றாலும் துணைக் கோப்பில் குறிப்புகள் விழுந்துகொண்டுதான் இருக்கும். டி-ஓ-சி கோப்பு மட்டும் பிறக்காது. அப்படியென்றால் வேலை இரண்டு. குறித்து வைப்பது ஒன்று, குறித்தவற்றைத் திரட்டுவது இன்னொன்று. ‘உருவாக்கு’ என்ற சொல் இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. அதனால்தான் மாணவர் முதல் முறை ஓட்டிப் பார்த்துவிட்டு ‘பொருளடக்கம் வரவில்லை, வெறும் தலைப்பு மட்டும் நிற்கிறது’ என்று கேட்கிறார். உருவாக்கச் சொன்னோம், உருவாக்கவில்லை, ஆகவே ஏதோ பழுது என்று அவர் நினைப்பது நியாயம்தான். ‘முதல் ஓட்டத்தில் குறிக்கும், இரண்டாம் ஓட்டத்தில் திரட்டியதைப் போடும்’ என்று எழுதினால் அந்தக் கேள்வியே எழாது.

சில வேளை மூன்றாவது ஓட்டமும் வேண்டியிருப்பது ஏன் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. இரண்டாம் ஓட்டத்தில் பொருளடக்கம் முதன்முதலாக இடம் பிடிக்கிறது. அது மூன்று பக்கம் நீண்டால் பின்னால் உள்ளவை எல்லாம் தள்ளிப்போகின்றன. அச்சாகி நிற்பதோ தள்ளுவதற்கு முந்திய எண்கள். இன்னொரு முறை ஓட்டினால்தான் சரியாகும். முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும், முதல் அத்தியாயத்திலிருந்து புதிதாக ஒன்று, இரண்டு என்றும் போட்டால் இந்தத் தள்ளல் பெரும்பாலும் வராது. ஈய எழுத்துக் காலத்திலும் முன்பக்கங்களைக் கடைசியில் கோத்து அச்சிடுவதும் அவற்றுக்குத் தனி எண் கொடுப்பதும் வழக்கம். காரணம் ஏறக்குறைய இதுதான். டைப்ஸ்ட் என்ற புதிய கருவி இந்த ஓட்டங்களை உள்ளுக்குள்ளேயே செய்துகொள்கிறது. ஐந்து முறை வரை முயன்று பார்த்தும் எண்கள் நிலைக்கவில்லை என்றால் எச்சரிக்கை தருகிறது.

எங்கள் பக்கத்தில் கும்பாபிஷேக மலரோ பாடசாலை ஆண்டு மலரோ பதிப்பித்த எவருக்கும் இந்தத் தள்ளலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டுரைகள் முடிந்து, பொருளடக்கத்தைக் கையால் தட்டி, ஒப்புநோக்கி, அச்சகத்துக்குக் கொடுக்கப்போகும் நேரத்தில் ஒரு பெரியவரின் ஆசியுரை வந்து சேரும். போடாமல் விட முடியாது. பின்னால் போடவும் முடியாது, ஆசியுரைகளுக்குள்ளும் தரவரிசை உண்டு. மறுகா என்ன, அதன் பின்னால் உள்ள அத்தனை பக்க எண்ணும் பிழை. கையால் செய்த பொருளடக்கத்துடன் எத்தனையோ மலர்கள் இப்படி வெளிவந்திருக்கின்றன, வெளியீட்டு விழாவில் யாரும் கவனிப்பதுமில்லை.

இதை எழுதினால் வேர்டு பயன்படுத்துவோர் ‘அதில் இந்தத் தொல்லை இல்லை’ என்பார்கள். உண்டு. தலைப்புகளுக்கு உரிய பாணியைக் கொடுத்திருந்தால் வேர்டு அவற்றைத் திரட்டும். ஆனால் பிறகு நீங்கள் ஒரு பந்தி கூட்டினால் பொருளடக்கம் தானாக மாறாது. எஃப்9 விசையை அழுத்த வேண்டும், ‘எண்கள் மட்டுமா, முழுப் பட்டியலுமா’ என்று அது கேட்கும். ‘எண்கள் மட்டும்’ என்றால் புதிதாகச் சேர்த்த தலைப்பு உள்ளே வராது. இங்கேயும் ‘மீண்டும் திரட்டு’ என்பது ‘புதுப்பி’ என்பதைவிட நடப்பதைச் சரியாகச் சொல்கிறது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் தட்டியவர்களுக்கு இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. தலைப்பில் பாமினி இருக்கும், திரட்டி வந்த பட்டியலின் பாணியில் பாமினி இருக்காது. பொருளடக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். பட்டியலின் பாணியை மாற்றிச் சமாளித்தாலும் பிடிஎஃப் கோப்பின் ஓரத்தில் வரும் தலைப்புப் பட்டியலில் அதே சிதறல்தான், ஏனென்றால் அங்கே எழுத்துருவைத் தேர்வது நாமல்ல. ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாறுங்கள் என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இனிக் கல்முனைத் தம்பியின் ‘பதிகம்’. இதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனமில்லை. சிலப்பதிகாரத்தின் முகப்பில் நிற்கும் பதிகத்தில் மங்கல வாழ்த்துப் பாடலில் தொடங்கி முப்பது பகுதிகளின் பெயரும் வரிசையாக வருகின்றன. மணிமேகலையின் பதிகமும் அப்படியே. பக்க எண் இல்லாத ஏட்டுக்காலத்துப் பொருளடக்கம் என்றே அதைச் சொல்லலாம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரை படிக்கும் ஊர்க்காரருக்கு இது நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் இன்றைக்குப் பதிகம் என்றால் தேவாரம்தான் காதில் விழும். ஆய்வேட்டில் ‘பதிகத்தைத் திரட்டவும்’ என்று எழுதினால் மேற்பார்வையாளர் பேராசிரியர் திருமுறையைத் தேடிப்போவார்.

‘தொகு’ என்று தொடங்கும் ஒன்றை வைக்கலாமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். மரபுப்படி அருமையான சொல். நன்னூல் சொல்லும் உத்திகளில் ‘தொகுத்துச் சுட்டல்’ என்றே ஒன்று உண்டு. கணினித் தமிழில் அதை ஏற்கெனவே இரண்டு பேர் பிடித்துவைத்திருக்கிறார்கள். விக்கிப்பீடியாவில் ‘தொகு’ என்றால் திருத்துவது, நிரலாக்கத்தில் ‘தொகுப்பி’ என்றால் நிரலை இயந்திரமொழிக்கு மாற்றித் தருவது. மூன்றாவது ஆளுக்கு அங்கே இடமில்லை. ‘திரட்டு’வோ வலைப்பதிவுக் காலத்திலேயே பழகிய சொல். பல பதிவுகளைச் சேர்த்துக் காட்டிய தளங்களைத் ‘திரட்டி’ என்றுதானே அழைத்தோம்? பொருளும் அதேதான், எழுதுவது வேறு ஆள், சேர்ப்பது மட்டும் இது.

அண்ணனின் வலுவான எதிர்ப்பு ஒன்று பாக்கி. சொல்லடைவு, நூற்பட்டியல், பொருளடக்கம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ஜெனரேட்’ என்ற ஒரே வினைதான், நாமும் ஒன்றையே வைத்தால்தானே சீராக இருக்கும் என்கிறார். வேலை வேறாக இருக்கும்போது சொல்லும் வேறாக இருப்பது வசதி என்பேன். பொருளடக்கத்தில் தலைப்புகள் வந்த வரிசையிலேயே நிற்கின்றன. சொல்லடைவில் அகர வரிசைக்கு அடுக்க வேண்டும், அதற்கென்றே மேக்இன்டெக்ஸ் போன்ற தனி நிரல் வேண்டும், தமிழ் அகர வரிசை என்றால் அது தனிப் போராட்டம். அதற்கு ‘அடுக்கு’ என்ற வினை இருக்கிறது. ஆங்கிலம் ஒரே சொல்லால் ஒப்பேற்றுகிறது என்பதற்காக நாமும் ஒப்பேற்ற வேண்டுமா? கலைச்சொல் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரருக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைத்துப் பேசுகிறேன். 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். அறிவியல் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்வும் இரண்டும் முடித்தவர். துறையும் தெரிய வேண்டும், தமிழும் தெரிய வேண்டும் என்பதற்கு அவரைக் காட்டலாம். அகராதியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு இந்தச் சொல்லை முடிவு செய்யாமல், துணைக் கோப்பையும் ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்வது அதனால்தான்.

மற்றச் சில்லறைச் சொற்கள். நிரலை ஒரு முறை ஓட்டுவது ‘ஓட்டம்’ என்றே இருக்கட்டும். ‘இயக்கம்’ வேண்டாம். ‘இரண்டாம் இயக்கம் முடிந்ததும்’ என்று கிழக்கில் ஒருவர் வாசித்தால் போர்க்கால ஆயுத இயக்கங்கள் நினைவுக்கு வந்து, அவர் மனம் கையேட்டில் நிற்காது. தலைப்புக்கும் எண்ணுக்கும் நடுவே ஓடும் புள்ளிகளுக்குப் ‘புள்ளித்தொடர்’ போதும். எந்தப் படி வரை திரட்டுவது என்பதற்குத் ‘திரட்டு மட்டம்’ என்று எழுதியிருக்கிறேன். லேட்டெக்கில் அத்தியாயம் 0, பிரிவு 1, உட்பிரிவு 2 என்று எண்ணுவார்கள். நூல் வகுப்பில் இயல்பாக 2 வரையும் கட்டுரை வகுப்பில் 3 வரையும் திரட்டும். மட்டம் என்றால் தமிழ்நாட்டில் தரக்குறைவு என்று பட்டுவிடுமோ என்று கோவை நண்பர் தயங்குகிறார். ‘திரட்டு நிலை’ என்றாலும் எனக்குச் சம்மதம், இதற்காகச் சண்டை பிடிக்கமாட்டேன்.

உடுக்குறி (*) போட்ட தலைப்புகள் திரட்டில் சேராது என்பதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். நன்றியுரை, ஆய்வுச் சுருக்கம் போன்றவற்றை மாணவர்கள் உடுக்குறியோடுதான் எழுதுகிறார்கள், பிறகு காணவில்லை என்று தேடுகிறார்கள். அவற்றைக் கையால் சேர்க்கும் கட்டளைக்குத் ‘திரட்டில் சேர்’ என்று பெயரிட்டால் தன்னாலேயே விளங்கும்.

படங்களின் பட்டியல், அட்டவணைகளின் பட்டியல் இரண்டும் இதே முறையில்தான் தயாராகின்றன, எல்-ஓ-எஃப், எல்-ஓ-டி என்று அவற்றுக்குத் தனிக் கோப்புகள். அங்கும் ‘படத்திரட்டு’ என்று போகலாமா, அல்லது அது படங்களையே சேர்த்துவைத்த தொகுதி போல ஒலிக்கிறதா? எனக்கு இரண்டாவது பயம் இருப்பதால் இப்போதைக்குப் ‘படப் பட்டியல்’ என்றே வரைவில் விட்டிருக்கிறேன். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறவர்கள் இருந்தால் கையேட்டு வரைவின் நான்காம் பகுதியை உங்கள் கோப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், எந்த இடத்தில் சொல் இடறுகிறது என்று.