அம்மாவோடு ஒரு நாள் மலையேற்றம்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அம்மாவை ஒரு மலைப்பாதைக்கு அழைத்துப் போகிறேன். போக வர 12 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர். அம்மாவுக்கு 61 வயது. தினமும் நடப்பவர்தான், ஆனால் இறக்கத்தில் முழங்கால் வலிக்கும்.

நேரக் கணக்கில்தான் முதல் சந்தேகம். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்குப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். எங்களுக்குச் சுமார் மூன்றரை மணி நேரம் வருகிறது. இதில் ஓய்வு சேராது. அதனால் ஏழு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். காலை 6 மணிக்குக் கிளம்பி, உச்சி எட்டாவிட்டாலும் 10 மணிக்கு இறங்கத் தொடங்கிவிடுவோம். இது சரியா?

அப்புறம் கைத்தடி. இறங்கும்போது முழங்கால் பாரம் குறையும் என்கிறார்கள். ஒன்று போதுமா, இரண்டும் வேண்டுமா? பழக்கமில்லாதவருக்கு இரண்டு தடி இடைஞ்சலாகிவிடுமோ என்று கவலை.

தண்ணீர், மழைக்கோட்டு, டார்ச், விசில், முதலுதவிப் பெட்டி எல்லாம் எடுத்தாயிற்று. பாதை விவரத்தையும் திரும்பும் நேரத்தையும் தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் போவோம்.

புது ஷூவை இப்போதே போட்டுப் பழகுகிறார். குதிகால் லேசாகச் சிவக்கிறது, கொப்புளம் இல்லை. டேப் ஒட்டினால் போதுமா, ஷூவையே மாற்றிவிடலாமா? இதற்காவது சீக்கிரம் பதில் சொல்லுங்கள், மாற்றித் தர கடையில் இந்த வாரம் வரைதான் அவகாசம்.