கி.மு. 46ஆம் ஆண்டுக்கு எத்தனை நாள்?

கணக்கன்: ஜூலியஸ் சீசர் நாள்காட்டியைத் திருத்திய கி.மு. 46ஆம் ஆண்டுக்கு 443 நாள் என்று நேற்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். ரோமரின் வழக்கமான ஆண்டு 355 நாள். அந்த ஆண்டு பிப்ரவரியில் சேர்த்தது 23 நாள். நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே செருகிய இரண்டு மாதங்கள் 67 நாள். மொத்தம் 445. வரலாறு எழுத வருபவர்கள் கூட்டலைக் கற்றுக்கொண்டு வருவது நல்லது.

பழஞ்சுவடி: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 443 என்பது ரோம எழுத்தாளர் மாக்ரோபியஸ் தரும் எண். 'குழப்பத்தின் கடைசி ஆண்டு' என்று அதற்குப் பெயர் சூட்டியவரும் அவரே. அவர் வைத்த பெயர் இனிக்கிறது, அவர் தந்த எண் மட்டும் கசக்கிறதா?

கணக்கன்: மாக்ரோபியஸ் எழுதியது 5ஆம் நூற்றாண்டில். அவருக்கு வெகுகாலம் முன்பே, கி.பி. 238இல், இன்னொரு ரோம எழுத்தாளரான சென்சோரினஸ் 23ஐயும் 67ஐயும் தனித்தனியாகக் குறிப்பிட்டு 445 என்று எழுதிவிட்டார். வரலாற்றாசிரியர் காசியஸ் டியோவும் 67 நாளையே சொல்கிறார்.

பழஞ்சுவடி: டியோ 67 நாளைச் சொன்னதோடு, அதற்கு மேல் சேர்த்ததாகச் சொல்பவர்களை மறுக்கவும் செய்கிறார். அவரைச் சாட்சிக்கு அழைத்தால் 355உம் 67உம் சேர்ந்து 422தான் வரும். உங்கள் சாட்சியே உங்களைக் கவிழ்க்கிறார்.

கணக்கன்: பிப்ரவரியில் நாள் சேர்ப்பது குருமார்களின் பழைய வழக்கம், டியோ பேசுவது சீசர் புதிதாகச் செருகியதைப் பற்றி. சீசருக்கு நாள்காட்டித் திருத்தத்தில் உதவிய வானியலாளர் சோசிஜெனஸ் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பாதியைப் படித்துவிட்டு வந்தீர்கள்.

வடமீன்: ரோமை விட்டால் உலகமே இல்லையா? அதே ஆண்டு சீனத்தில் பேரரசர் யுவானின் 'சூயுவான்' என்ற ஆட்சிக்காலப் பெயரில் 3ஆம் ஆண்டு. பாபிலோனில் செலூக்கிய அரசர்களின் ஆண்டுக்கணக்கில் 266. எகிப்தியரோ 365 நாளை மாற்றாமல் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நம் கணக்கில் கலி 3056. இந்தக் குளறுபடி நம்மிடம் இல்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

கணக்கன்: கி.மு. 46இல் எவரும் 'கலி 3056' என்று எழுதி வைத்ததாகச் சான்று காட்டுங்கள். கலியில் 3600 ஆண்டு கழிந்ததென்று ஆரியபட்டர் குறிப்பது கி.பி. 499ஐ. பின்னோக்கி எண்ணிவிட்டு முன்பே இருந்ததாகப் பெருமைப்படுவது எளிது. அது கிடக்கட்டும், ஆண்டு 445 நாள்.

வடமீன்: ஏறக்குறைய 280 ஆண்டு கழித்து எழுதிய சென்சோரினஸ் சான்று; ஆரியபட்டர் என்றால் மட்டும் பின்னோக்கிய கணக்கு! நடக்கட்டும்.

பழஞ்சுவடி: சீசர் இறந்தபின் நான்காண்டுக்கு ஒருமுறை சேர்க்க வேண்டிய நாளை, மூன்றாண்டுக்கு ஒருமுறை சேர்த்து, 36 ஆண்டில் 9க்குப் பதிலாக 12 நாளைப் புகுத்தியவர்கள் இந்த ரோமர்கள், அகஸ்டஸ் வந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. நான்கு வரை எண்ணத் தெரியாதவர்கள் 445 வரை பிசகாமல் எண்ணினார்களாம். என் எண் 443தான்.

கணக்கன்: பிற்காலப் பிழையைக் காட்டி முந்தைய கணக்கைக் கலைக்க வேண்டாம். 355, 23, 67 ஆகிய மூன்றில் எதிலிருந்து அந்த 2 நாளைக் கழிக்கிறீர்கள் என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்.

பழஞ்சுவடி: கேட்பது இதுவே முதல் முறை. இதற்கும் கூட்டல் தெரிய வேண்டும்.